இசைவு: ‘கன்சென்ட்’ என்பதற்கு உரிய தமிழ்ச்சொல்

விடுமுறையில் தங்குவதற்கான வீடுகளின் வாடகையை ஒப்பிட்டுக் காட்டும் இணையத்தளம் ஒன்றை ஐரோப்பாவில் திறப்பவருக்கு, வீடுகளின் படங்களுக்கு முன்பாகவே, அவருடைய தரவைத் திரட்டலாமா என்று கேட்கும் ஓர் அறிவிப்புப் பெட்டி தென்படும். ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்னும் பொத்தான் அதில் அடர்ந்த நிறத்தில் பெரிதாக இருக்கும். ‘அமைப்புகள்’ என்னும் சொல் அதன் ஓரத்தில் வெளிறிய சிற்றெழுத்தில் கிடக்கும். அந்தப் பொத்தானை அழுத்துபவரிடமிருந்து பெறப்படுவதாகச் சொல்லப்படுவதுதான் ‘கன்சென்ட்’. தமிழில் இதை அனுமதி, ஒப்புதல், சம்மதம், இசைவு என்று விருப்பம்போல் எழுதி வருகிறோம். இவை நான்கும் ஒரே பொருளைத் தருபவை அல்ல.

அனுமதி என்பது கேட்பவரை உள்ளே விடுவது. எதற்காக வருகிறார் என்று அறிந்துதான் விட்டோமா என்பதை அச்சொல் காட்டாது. ஒப்புதல், பிறர் வரைந்த கோப்புக்கோ திட்டத்துக்கோ அதிகாரம் உடையவர் தருவது. குற்றத்தை ஏற்றுக்கொள்வதையும் ஒப்புதல் வாக்குமூலம் என்றே சொல்கிறோம்.

சம்மதம் பேச்சில் நன்றாக ஊறிய சொல். வடமொழியில் ‘ஸம்’ என்பது உடன், ‘மத’ என்பது எண்ணப்பட்டது. ‘கன்சென்ட்’ பிறந்த இலத்தீன் வினையான ‘கோன்சென்டீரே’ என்பதும் உடன் உணர்தல் என்றே பொருள்படுவதால், இரண்டும் அமைப்பில் நெருங்கியவை. ஆயினும் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம், சட்டம் மறுப்பதோ அதைத்தான். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் முகப்புரை, மௌனமும், முன்கூட்டியே குறியிட்ட கட்டமும், எதுவும் செய்யாதிருத்தலும் கன்சென்ட் ஆகா என்று வெளிப்படையாகக் கூறுகிறது. ஜெர்மனியில் பரிசுப்போட்டி நடத்திய ‘பிளானெட்49’ நிறுவனத்தின் வழக்கில் 2019 அக்டோபர் 1 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும், பயனர் நீக்காமல் விட்ட குறியைக் கொண்டு அவர் குக்கிகளுக்கு, அதாவது தளம் அவருடைய உலாவியில் இட்டுவைக்கும் சிறு அடையாளக் கோப்புகளுக்கு, உடன்பட்டதாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது.

எனவே இசைவு என்பதே உரிய சொல் என்று கருதுகிறேன். இசைதல் என்னும் வினைக்குப் பொருந்துதல், உடன்படுதல் என்னும் பொருள்கள் உண்டு. ஒலியும் பாட்டும் இதே வேரில் நிற்பவை. இசைவு கோருபவர் சொல்வது காதில் விழுந்து, அது தமக்குப் பொருந்தினால்தான் ஒருவர் இசைவார். தொழிற்சாலைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தருவதை இசைவாணை என்று குறிப்பதால், இது ஆட்சித்தமிழுக்கும் புதிதன்று.

வாடகை ஒப்பீட்டுத் தளத்தில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. அங்கே தேடுபவர் போகும் தேதி, திரும்பும் தேதி, பெரியவர்கள் எத்தனை பேர், குழந்தைகளின் வயது, செலவிடக்கூடிய தொகை ஆகியவற்றைத் தாமே தட்டச்சு செய்கிறார். ஒரு குடும்பம் எந்த நாள்களில் தன் வீட்டில் இராது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இத்தகைய தளங்கள் பெரும்பாலும் பயனரை முன்பதிவுத் தளத்துக்கு அனுப்பித் தரகு பெறுவதால், அவர் எங்கிருந்து வந்தார் என்பதை அடையாளங்காணக் குக்கி தேவைப்படுகிறது. அது ஒரு நோக்கம். அதே தேடலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்து, பிற தளங்களிலும் அவரைத் தடமறிவது முற்றிலும் வேறு நோக்கம். முன்னதற்கு இசைந்தவர் பின்னதற்கும் இசைந்தவர் ஆகிவிடமாட்டார். மறுப்பதை ஏற்பதைவிடக் கடினமாக்கியதற்காகவே பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இசைவு தன்விருப்பமானதாக, குறிப்பானதாக, அறிந்து தருவதாக, நிபந்தனையற்றதாக, ஐயத்துக்கு இடமற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. இசைவு கோரும் வேண்டுகோளை ஆங்கிலத்திலோ, தமிழ் உள்ளிட்ட அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பையும் அது தருவதால், தமிழில் எழுதப்படும் பெட்டிகளில் ‘இசைகிறேன்’, ‘இசையவில்லை’ என்னும் இரு பொத்தான்கள் ஒரே அளவிலும் ஒரே நிறத்திலும் அமைந்து, ‘தந்த இசைவைத் திரும்பப் பெற’ என்னும் இணைப்பும் கண்ணில் படும்படி இருத்தல் வேண்டும்.