மலைப்பாதை, சூடான பிரேக், டவர் இல்லாத போன்

ஊட்டியிலிருந்து தலைக்குந்தா வழியாக மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில்தான் இறங்க வேண்டும் என்று போர்டு வைத்துப் பார்த்தார்கள், அப்புறம் வெளி மாவட்ட வண்டிகள் அந்த வழியாக இறங்குவதற்கே கட்டுப்பாடு வந்தது. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து சுற்றுலா வந்தவர்களின் கார் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்து கிடந்தது, இரண்டு நாள் கழித்துதான் வெளியே தெரிந்தது. ஆள் நடமாட்டம் உள்ள, பேர் பெற்ற சுற்றுலாப் பாதையிலேயே இந்த நிலை என்றால், சத்தியமங்கலம் பக்கம் கடம்பூர் மலைக்கோ தாளவாடிக்கோ போகிறவர் கொஞ்சம் யோசித்துத்தான் கிளம்ப வேண்டும்.

வண்டி மக்கர் செய்வதும் போனில் டவர் போய்விடுவதும் ஒரே இடத்தில் நடந்தால் நம் நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இரண்டுக்கும் காரணம் அதே மலை. பிரேக்கையும் எஞ்சினையும் சூடாக்குகிற அந்த உயரம்தான் டவரையும் மறைக்கிறது.

முதலில் இறக்கத்தின் கணக்கைப் பார்ப்போம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மசினகுடி அதைவிட ஏறத்தாழ 1,200 மீட்டர் கீழே. ஆட்கள், பெட்டிகள் எல்லாம் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்தை இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் 17 மெகாஜூலுக்கு மேல். 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க இதுவே தாராளம். காரின் வேகம் கூடக்கூடாது என்றால், இவ்வளவு ஆற்றலும் வெப்பமாக மாறி எங்கேயாவது போயாக வேண்டும். கொஞ்சம் டயரிலும் எதிர்காற்றிலும் கரைந்துவிடும். மிச்சத்தை வாங்கிக்கொள்ள இருப்பவை இரண்டு: பிரேக், எஞ்சின்.

பிரேக் சில கிலோ இரும்புதான். அதைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் பல நூறு டிகிரிக்குப் போகும், ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. இதற்கப்புறம் கோளாறு இரண்டு விதமாக வரும், காலுக்கு இரண்டும் வேறு மாதிரி தெரியும். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் உராய்வுத் திறன் குறைந்துவிடும்; பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி பிடிக்காது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் தொளதொளவென்று கீழே போகும். திரவத்தை அழுத்த முடியாது என்பதை நம்பித்தான் பிரேக் வேலை செய்கிறது, ஆயிலுக்குள் ஆவிக்குமிழ் வந்துவிட்டால் காலின் அழுத்தம் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதே ஆயிலில் 3.7 சதவீத அளவுக்கு நீர் சேர்ந்துவிட்டால் விதி கேட்பது 155 டிகிரிதான். டாட் 3 வகைக்கு இந்த எண்கள் 205, 140. நகரத்துக்குள் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போகலாம், அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் இந்த ஆயிலை யாரும் மாற்றுவதில்லை. மலைக்குப் போகும் முன் செலவு செய்வதாக இருந்தால் என் ஓட்டு முதலில் இதற்குத்தான். கூரைமேல் கட்டும் கேரியருக்கும் கூடுதல் லைட்டுக்கும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எஞ்சினிடம் கொடுத்தால் கதையே வேறு. இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. பிஸ்டன்களின் உராய்வும் காற்றை இழுத்துத் தள்ளும் வேலையும் சேர்ந்து வண்டியைப் பின்னால் பிடிக்கும். அந்த வெப்பத்தை வெளியேற்ற ரேடியேட்டரும் சைலன்சரும் ஏற்கெனவே இருக்கின்றன, நாள் முழுக்க அவற்றுக்கு அதுதான் வேலை. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் கியரில் இப்படி இறங்கும்போது எரிபொருளையே நிறுத்திவிடுகின்றன, நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும். ஆக, மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை.

மின்சார கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி இறக்கத்து ஆற்றலை பேட்டரிக்கு அனுப்பும், அருமையான ஏற்பாடு. ஆனால் ஊட்டி விடுதியில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு இறங்க ஆரம்பித்தால் அந்த ஆற்றலை வைக்க பேட்டரியில் இடம் இருக்காது. மலை உச்சியிலிருந்து கிளம்புகிறவர் சார்ஜை முன்கூட்டியே நிறுத்துவது நல்லது.

சரி, கருகல் வாடை வந்துவிட்டது, பெடல் சரியில்லை. அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, டயருக்குக் கல் முட்டுக்கொடுத்து, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், திடீரென்று குளிர்ந்தால் இரும்பு கோணும், விரிசல்கூட விடும்.

ஏற்றத்தில் சிக்கல் தலைகீழ். எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு, பெரும்பாலும் அதற்கும் குறைவாகத்தான், சக்கரத்துக்குப் போகிறது. மீதி புகையோடும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டோடும் வெளியே போக வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் முழு மூச்சாக உழைக்கும், ஆனால் வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டரில் படும் காற்றும் குறைவு. முன்னால் லாரி ஊர்ந்தால் இன்னும் மோசம்.

இங்கே ரேடியேட்டர் மூடி பார்க்கும் வேலையைக் கவனிக்க வேண்டும். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், எஞ்சினோ சாதாரணமாகவே 90 டிகிரி வாக்கில் ஓடுகிறது. மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் வெறும் தண்ணீர்கூட 115, 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும், கூலன்ட் கலந்தால் அதற்கும் மேலே. மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் கசிந்தால் சமவெளியில் ஒன்றும் தெரியாது, மலையில் பொங்கிவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதும் இதனால்தான்: அழுத்தம் போன அந்த நொடியில் 110 டிகிரித் தண்ணீர் மொத்தமும் கொதிக்க ஆரம்பித்து முகத்துக்கு வரும்.

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழு வேகத்தில் போடுங்கள். வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை. ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் இன்னொரு குட்டி ரேடியேட்டர், எஞ்சினின் வெப்பத்தை உங்கள் பக்கம் திருப்பிவிடும். முள் சிவப்பைத் தொட்டுவிட்டாலோ ஆவி வந்தாலோ உடனே அணைத்துவிட வேண்டியதுதான். நிறைய புது கார்களில் இந்த முள்ளே இல்லை, சிவப்பு விளக்கு மட்டும்தான், அது எரியும்போது தண்ணீர் ஏற்கெனவே பொங்க ஆரம்பித்திருக்கும். அந்த மாதிரி கார் வைத்திருப்பவர் காலையில் கூலன்ட் டப்பாவில் அளவைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது தவிர வேறு வழியில்லை. பஞ்சர் விஷயத்தில் சொல்ல அதிகம் இல்லை: ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, உங்கள் காருக்கு ஸ்டெப்னியே இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள், வீல் நட்டை ஒருமுறை கையால் கழற்றியும் பாருங்கள், மெஷினில் முடுக்கிய நட்டு ஸ்பேனர்மேல் ஏறி நின்றாலும் அசையாது.

நின்ற வண்டியில் அடுத்ததாகச் சாவது பேட்டரி. நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது எல்லோரும் செய்வது. 21 வாட் பல்புகள் நான்கு, விட்டு விட்டு எரிவதால் சராசரி 40 வாட்டுக்குக் கொஞ்சம் மேல், அதாவது மூன்றரை ஆம்பியர். சின்ன கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. ஒரு ராத்திரி முழுக்க எரியவிட்டால் காலையில் செல்ஃப் எடுக்காது, கோளாறு ஒன்றுக்கு இரண்டாகிவிடும். எல்இடி என்றால் கவலை குறைவு. பிரதிபலிக்கும் முக்கோணத்தை வளைவுக்கு முன்னாலேயே, வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டால் பேட்டரியைத் தொடவே வேண்டாம். முக்கோணம் இல்லாத லாரிக்காரர்கள் ஒரு கிளையை ஒடித்துப் போட்டு நாலு கல்லை வரிசையாக வைப்பார்கள், அதுவும் வேலை செய்யும். கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரமாக எடுத்துப் போட்டால் பின்னால் வரும் பைக்காரர் பிழைப்பார்.

இப்போது போன். செல்போன் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை, பாறையையும் மண்ணையும் துளைக்காது. டவர் சமவெளியில் இருக்கும், நடுவில் ஒரு மலைமடிப்பு இருந்தால் நீங்கள் அதன் நிழலில் நிற்கிறீர்கள். அதனால்தான் ஒரு வளைவில் சுத்தமாக இல்லாத சிக்னல், சமவெளி விரிந்து தெரியும் அடுத்த வளைவில் வந்துவிடுகிறது. ஏறும்போதே எந்த வளைவில் போன் சிணுங்கியது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படலாம்.

போனில் சிக்னல் இரண்டு கோடு காட்டுகிறது, ஆனால் அழைப்பு போகவில்லை என்பதும் அடிக்கடி நடக்கும். அந்தக் கோடு டவர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. டவர் பத்துக் கணக்கான வாட்டில் கத்துகிறது, உங்கள் போன் அதிகபட்சம் 0.2 வாட் அளவில் முணுமுணுக்கிறது. அங்கிருந்து வருவது எட்டும், இங்கிருந்து போவது எட்டாது.

இந்த மாதிரி இடத்தில் பழைய எஸ்எம்எஸ் கைகொடுக்கும். பேசுவதற்கு இணைப்பு இடைவிடாமல் நிற்க வேண்டும், வாட்ஸ்அப்புக்கு டேட்டா வேண்டும். எஸ்எம்எஸ்ஸோ 140 பைட் அளவுள்ள சின்னப் பொட்டலம், ஒரு நொடி தொடர்பு கிடைத்தால் போய்விடும். ஆனால் தமிழில் தட்டினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 குறிகள்தான் அடங்கும், அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்காகும். “வண்டி” நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, போனுக்கு ஐந்து. நீளமானால் துண்டு துண்டாகப் பிரிந்து போகும், ஒரு துண்டு வழியில் நின்றால் செய்தி அரைகுறை. ஆங்கில எழுத்தில் தட்டினால் 160 வரை போகும், அவசரத்துக்கு அதுவே மேல். தமிழ்ப் பற்றை ஊருக்குத் திரும்பி வந்து காட்டிக்கொள்ளலாம்.

அவசர உதவி எண்ணான 112-க்கு அடித்தால் உங்கள் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும் அருகில் எந்த கம்பெனி டவர் கிடைத்தாலும் போன் அதைப் பிடிக்கும். எதுவுமே இல்லாத இடத்தில் 112-உம் வெறும் எண்தான். அங்கே போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், இல்லாத டவரைத் தேடித் தேடியே சார்ஜ் தீர்ந்துவிடும். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து கேட்க மட்டுமே செய்கிறது, எதையும் அனுப்புவதில்லை, அதனால் டவரே இல்லாமலும் இடத்தைக் காட்டும். வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சேட்டிலைட் போன் ஆசை வேண்டாம். இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றம், மலையேற்றத்துக்கான சின்ன சேட்டிலைட் கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே மாட்டியிருக்கிறார்கள்.

ஆக, செய்தியை மனிதர்கள்தான் சுமந்து போக வேண்டும். அதற்கு ரோட்டில் வண்டி ஓட வேண்டும், இதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பந்திப்பூர் வழியில் 2009-லிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை, பண்ணாரியிலிருந்து ஏறும் திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. மதியம் இரண்டு மணிக்கு நின்றால் பத்து நிமிடத்தில் ஒரு டெம்போ வரும். தடை நேரத்துக்குச் சற்று முன்னால் நின்றால் விடியும்வரை உங்களுக்குப் பின்னால் பொது வண்டி அநேகமாக எதுவும் வராது. கேட் மூடுவதற்குள் புகுந்து ஓடிவிடலாம் என்று கடைசி நேரத்தில் நுழைவது அதனால்தான் ஆபத்து. இருட்டிவிட்டால் டவர் தேடி நடக்கவே நடக்காதீர்கள், யானை நிற்பது பத்தடியில் வரும்வரை தெரியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருங்கள். பகலில் அரசு பஸ்தான் முதல் நம்பிக்கை. கண்டக்டரிடம் சொன்னால் அடுத்த செக்போஸ்டில் தகவல் சேர்ந்துவிடும். “ஒரு பெரிய மரத்துக்குப் பக்கத்தில்” என்று சொல்லி அனுப்பாமல் வளைவு எண்ணையோ கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையோ ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

கிளம்பும் முன் வீட்டிலோ நண்பர்களிலோ ஒருவரிடம் வண்டி எண், போகும் வழி, மலையைத் தாண்டிவிட வேண்டிய நேரம், அந்த நேரத்துக்குள் போன் வராவிட்டால் அவர் கூப்பிட வேண்டிய காவல் நிலையம், இவ்வளவையும் சொல்லிவிட்டுப் போங்கள். “சாயங்காலம் போய்ச் சேர்ந்துடுவோம்” என்பது நேரம் ஆகாது, “ஆறு மணிக்குள் பண்ணாரியில் இருந்து பேசுவேன், ஏழு வரைக்கும் பேசலைன்னா ஆசனூர் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணு” என்பதுதான் நேரம். அப்புறம், பண்ணாரி வந்து டவர் கிடைத்ததும் டீக்கடையில் உட்காருவதற்கு முன்னால் அவருக்குப் பேசிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேடி ஆசனூரிலிருந்து ஜீப் கிளம்பியிருக்கும்.