ஓடும்போதே ஆஃப் ஆகும் பழைய டீசல் பிக்கப்: பம்பைக் கழற்றுவதற்கு முன்

ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நிற்கும். பத்து நிமிடம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். இந்தப் புகாரோடு பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே எங்கேயோ இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைக் கழற்றி, பெரிய பில்லும் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள்.

கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் ‘காமன் ரயில்’ முறைக்கு முந்தைய, மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளைத்தான் சொல்கிறேன். இவற்றில் ஸ்பார்க்கும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. அதனால் நான் முதலில் கேட்பது, வண்டி எப்படி நின்றது என்றுதான். சாவியைத் திருப்பியதுபோல் பட்டென்று நின்றதா, இழுவை குறைந்து திக்கித் திக்கி நின்றதா?

பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம் போங்கள். ரோட்டரி வகைப் பம்பில் ஒற்றை ஒயரோடு ஸ்டாப் சொலினாய்டு என்ற மின்சார வால்வு இருக்கும். 12 வோல்ட் இருக்கும்வரைதான் அது டீசலை விடும். ஒரு பள்ளத்தில் ஒயர் லூசாகிக் கரண்ட் விட்டுப்போனால் அந்த நொடியே அடைத்துவிடும். சாவியை ஆன் செய்து ஒயரைக் கழற்றி மாட்டினால் ‘டிக்’ சத்தம் கேட்க வேண்டும். கேட்டாலும் விடாதீர்கள், இன்ஜின் ஓடும்போது ஒயரையும் ஃப்யூஸையும் சாவி சுவிட்சையும் ஆட்டிப் பாருங்கள்.

திக்கித் திக்கி நின்றால் டேங்கிலிருந்து தொடங்க வேண்டும். நின்றதும் டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் இருக்கும் சல்லடையும் இதே வேலையைச் செய்யும்: ஓடும்போது குப்பை அதில் போய் ஒட்டும், நின்றதும் கீழே இறங்கிவிடும். ஃபில்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று வடித்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

அதிகம் ஏமாற்றுவது காற்றுதான். காய்கறி ஏற்றும் ஒரு பிக்கப் மேடு ஏறும்போது மட்டும் நிற்கும். வேறு இடத்தில் பம்ப் சர்வீஸ் ஆகியிருந்தது. டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்புக்கு முன்னால், ரப்பர் ஹோஸுக்குப் பதில் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு துண்டு பிளாஸ்டிக் ஹோஸ் மாட்டி ஆக்சிலேட்டரைக் கொடுத்தேன். சரம் சரமாகக் குமிழி. அதே ஹோஸை டேங்க் பக்கம் மாற்றினால் குமிழி இல்லை. அப்படியானால் கோளாறு இரண்டுக்கும் நடுவில்தானே? கடைசியில் கிடைத்தது, கிளிப்புக்கு அடியில் முடியளவு வெடிப்பு. வெளியே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. இந்தப் பகுதியில் ஃபீட் பம்ப் டீசலை உறிஞ்சுகிறது. அதனால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். “எங்கேயும் லீக் இல்லையே அண்ணே” என்று டிரைவர் சொன்னது உண்மைதான்.

சரி, பம்பை எப்போது சந்தேகிக்கலாம்? நன்றாகச் சூடான பிறகு மட்டும் நின்று, ஆறும்வரை ஸ்டார்ட் ஆகாவிட்டால். பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஆறவைத்ததும் ஸ்டார்ட் ஆனால், உள்ளே டீசலை அழுத்தும் பகுதியான ஹெட் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடைவெளி வழியே நழுவிவிடும். அப்போது பம்புக்குச் செலவு செய்யுங்கள்.

அதுவரை வண்டியை ஓட்டியே தீர வேண்டும் என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இன்ஜின் நின்றால், பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் வராது. மிச்சமிருப்பது ஓரிரு மிதிக்குத்தான். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் கனத்துவிடும். காரணம் பிடிபடும்வரை மலைப்பாதைக்கு லோடு எடுக்க வேண்டாம்.