பூனைக்குள் ஓடும் வண்டி

திருவாரூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “எங்கள் இரண்டு வயது மகள், வீட்டுப் பூனை மேல் காதை வைத்துப் படுத்துக்கொள்கிறாள். பூனையும் குர்ர் என்று சத்தம் போட்டபடி அசையாமல் கிடக்கிறது. அந்தச் சத்தம் இழுப்பு நோய், பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று மாமியார் பயப்படுகிறார். நிஜமா?”

இல்லை. குர்ர் சத்தம் நோயல்ல, ஒட்டவும் ஒட்டாது. பூனையால் சிலருக்கு மூச்சுத் தொல்லை வருவது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உள்ள ஒரு புரதம். பூனை உடம்பை நக்க, அது முடியில் படிந்து காய்ந்து தூசியோடு பறக்கிறது. மகளுக்குத் தும்மலோ கண் அரிப்போ இளைப்போ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எதுவும் இல்லையென்றால், சத்தத்துக்காக அவளைப் பூனையிடமிருந்து பிரிக்க வேண்டாம்.

சரி, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? என் அக்கா மகள் இரண்டரை வயதில் இதற்கு ஒரு விடை வைத்திருந்தாள். மதிய வெயிலில் திண்ணையில் படுத்து, பூனையின் விலாவில் கன்னத்தை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “உள்ள வண்டி ஓடுது.”

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. குர்ர் சத்தத்தின் அடிப்படை அதிர்வு விநாடிக்கு 25 முதல் 30 முறை. நம் காது கேட்கும் எல்லையே ஏறக்குறைய 20இல்தான் தொடங்குகிறது. இவ்வளவு தாழ்ந்த சத்தம் யானையிடமிருந்து வந்தால் வியப்பில்லை, அதன் குரல் நாண்கள் 10 சென்டிமீட்டர் நீளம். பூனையுடையதோ சுண்டுவிரல் நகத்தளவு. சின்னத் தந்தி கீச்சென்றுதானே ஒலிக்க வேண்டும்?

மூளை விநாடிக்கு இருபது முப்பது முறை கட்டளை அனுப்பி, குரல்வளைத் தசைகளைச் சுருக்கிச் சுருக்கி விடுவதால்தான் இது நடக்கிறது என்று பல ஆண்டுகள் நம்பினோம். 2023இல் வியன்னா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்டும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயால் இறந்த எட்டு வீட்டுப் பூனைகளின் குரல்வளைகளை, வளர்த்தவர்களின் சம்மதத்தோடு பெற்று, வெதுவெதுப்பான ஈரக் காற்றை அவற்றின் வழியே செலுத்தினார்கள். மூளை இல்லை, நரம்பு இல்லை, சுருங்கும் தசையும் இல்லை. எட்டுமே குர்ர் சத்தத்தின் அதே தாழ்ந்த அதிர்வில் ஒலித்தன! உயிருள்ள பூனையில் தசைகளும் சேர்ந்து உதவலாம், அதை இந்தச் சோதனை மறுக்கவில்லை. ஆனால் காற்று மட்டுமே போதும் என்று தெரிந்துவிட்டது.

ரகசியம் குரல் நாணுக்குள் புதைந்திருக்கும் நார்த்திசுத் திண்டில் இருக்கலாம் என்கிறார்கள் அவர்கள். அதிகம் போனால் 4 மில்லிமீட்டர் அகலம். இதைப் படித்தபோது எனக்கு மிருதங்கம்தான் கண்முன் வந்தது. கச்சேரிக்கு முன் வித்வான் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலின் நடுவில் அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். தோல் அதேதான், ஆனால் நடுவில் பாரம் ஏறியதும் அதிர்வு நிதானமாகி, தொம் என்ற கனத்த ஒலி பிறக்கிறது. பூனை தன் தொண்டையிலேயே ரவையை அப்பிக்கொண்டு பிறக்கிறது.

மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் நடுவிலுள்ள கரும்பூச்சு ஒலியை எப்படி மாற்றுகிறது என்று சி.வி. ராமன் ஆராய்ந்து 1920இல் எழுதினார். மிருதங்கத்துக்கு ஆராய்ச்சியா, பூனைத் தொண்டைக்குப் பணமா என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் வரும். ஹெர்ப்ஸ்ட், இறந்த யானையின் குரல்வளையை இதே முறையில் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டவர். ‘பயன் என்ன’ என்று முதல் நாளே கேட்டுக் கதவைச் சாத்தியிருந்தால், யானையிலிருந்து பூனைக்கு வரும் இந்தப் பாதையே திறந்திருக்காது. நம் பல்கலைக்கழகங்களிலும் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

இப்போது குழந்தைக்கு வருவோம். பூனைக்குட்டி பிறக்கும்போது கண் திறக்காது, காதும் கேட்காது. பால் கொடுக்கும் தாயின் உடம்பு அதிர்வது மட்டும் அதற்குத் தெரியும். சில நாட்களில் குட்டியும் பதிலுக்குக் குர்ர் என்கிறது. வாயில் காம்பு இருக்கும்போது மியாவ் என்று கத்த முடியாதே, இதற்கு வாயைத் திறக்கவே வேண்டாம். உடம்போடு உடம்பு ஒட்டிக் கிடப்பவர்களுக்கான பேச்சு இது. நம் விரல் நுனியிலும் இதை வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. மெய்ஸ்னர் நுண்ணுறுப்புகள் என்று பெயர். விநாடிக்கு 10 முதல் 50 வரையான மெல்லிய துடிப்பை உணர்வதுதான் அவற்றின் வேலை. வயது ஏற ஏற அவை குறைந்துகொண்டே போகும், குழந்தையின் விரலில்தான் நெருக்கமாக இருக்கும். ஆக, உங்கள் மகள் பூனைமேல் கையை வைத்துக் கிடக்கும்போது, நாம் சத்தமாகக் கேட்பதை அவள் குட்டியைப் போலத் தொட்டு அறிகிறாள்.

பூனைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா, சோற்றுக்காகத்தானே வருகிறது என்பார்கள். 2019இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கைக்குழந்தைகளுக்குச் செய்வது போன்ற சோதனையைப் பூனைக்குட்டிகளுக்கும் செய்தார்கள். வளர்ப்பவர் இரண்டு நிமிடம் உடனிருப்பார், இரண்டு நிமிடம் வெளியே போவார், அப்புறம் திரும்பி வருவார். அவர் வந்ததும் பதற்றம் தணிந்து, மறுபடி அறையைச் சுற்றிப் பார்க்கப் போன குட்டிகள் ஏறத்தாழ 64 சதவீதம். மனிதக் குழந்தைகளிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான். பிறந்து இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள் மனிதர் கை பட்டு வளர்ந்த குட்டி, பின்னாளில் மனிதரிடம் எளிதாக ஒட்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். பூனை வலியிலும் குர்ர் என்னும், குட்டி போடும்போதும் குர்ர் என்னும். சத்தத்தை மட்டும் நம்பி இருவரையும் தனியே விட்டுப் போகாதீர்கள். பல்லோ நகமோ கீறினால், ரத்தம் வராவிட்டாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குக் கூட்டிப் போங்கள். மற்ற நேரத்தில் வாலைப் பாருங்கள். காது பின்னால் மடங்கி, வால் பட் பட்டென்று தரையில் அடிக்கத் தொடங்கினால் பூனைக்குப் போதுமென்று பொருள். மகளின் கையை மெதுவாக எடுத்துவிடுங்கள்.