ரீஹாபிலிடேஷன்: திருத்துவதா, திருந்துவதா, தகவு மீட்பதா?

மும்பைச் சிறைகளில் இருப்போரின் குடும்பங்களுக்காக அச்சிடப்பட்ட ஒரு துண்டறிக்கையைத் தமிழில் தரும் வேலை சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. ஆங்கிலத்தில் ‘ரீஹாபிலிடேஷன்’ என்றும் மராட்டியில் ‘புனர்வசன்’ என்றும் இருந்த இடத்தில், மராட்டிக்கு அருகில் இருக்கட்டுமே என்று ‘புனர்வாழ்வு’ என எழுதினேன். தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் வசிக்கும் ஓர் அம்மா, ஆர்தர் ரோடு சிறையில் இருக்கும் மகனைப் பார்க்க வாரந்தோறும் ‘முலாகாத்’துக்குப் போகிறவர் (ஊரில் இதையே ‘மனு பார்ப்பது’ என்பார்கள்), அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “தம்பி, இதுல எத்தனை ஸ்கொயர் ஃபீட் குடுப்பாங்க?” என்றார்.

பிழை அவருடையதன்று. குடிசைகளை அகற்றி அடுக்குமாடி கட்டித்தரும் ஆணையம் 1995-இல் அமைந்ததிலிருந்து, மும்பையின் குடிசைப் பகுதிகளில் ‘புனர்வசன்’ என்றால் சதுர அடிக் கணக்கில் கிடைக்கும் வீடு என்றே பொருள். ‘வசன்’ என்பது வசித்தல், ஆகவே மறுகுடியமர்த்தல். சொல்லின் நேர்ப்பொருளும் அதுதான். மகாராஷ்டிரச் சிறைத்துறையின் முழக்கத்திலும் ‘சுதாரணா வ புனர்வசன்’ என்று அதே சொல் இருப்பது, மகன் வெளியே வந்தால் எங்கே படுப்பான் என்ற கவலையில் இருந்த அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இலத்தீனில் ‘ஹாபிலிஸ்’ என்றால் தகுந்தது, கைக்கு இசைந்தது. ‘ரீ’ என்ற முன்னொட்டுச் சேர்ந்து, இழந்த தகுதியை மீண்டும் அளித்தல் என்ற பொருளில் இடைக்காலத் திருச்சபைச் சட்டத்திலும் மன்னர்களின் ஆணைகளிலும் இச்சொல் வழங்கியது; பதவியோ பட்டமோ நற்பெயரோ பறிக்கப்பட்டவருக்கு அவற்றைத் திருப்பித் தருவதே அதன் வேலை. 1431-இல் எரித்துக் கொல்லப்பட்ட பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கின் மீதான தீர்ப்பை 1456-இல் செல்லாததாக்கிய மறுவிசாரணையை வரலாற்றாசிரியர்கள் இன்றும் இச்சொல்லாலேயே குறிக்கிறார்கள். இறந்து 25 ஆண்டுகளான ஒருத்தியை யாரும் ‘திருத்த’ முடியாது என்பதால், தொடக்கத்தில் இச்சொல்லுக்கு ஆளின் குணத்தை மாற்றுவதோடு தொடர்பே இருக்கவில்லை என்பது தெளிவு. மாறவேண்டியது பதிவேட்டில் இருந்த பெயர்.

முதல் உலகப் போரில் கைகால் இழந்து திரும்பிய வீரர்களைத் தொழிலுக்குப் பழக்கியபோது இச்சொல் மருத்துவமனைக்குள் நுழைந்தது. அங்கிருந்து சிறைக்கு வந்தபோது மருத்துவ வாடையும் கூடவே வந்தது: குற்றவாளி நோயாளி, சிறை மருத்துவமனை, தண்டனைக் காலம் சிகிச்சைக் காலம். குற்றம் ஒரு நோய்ப்பிறழ்வு, அரசின் கடமை பழிவாங்குவதன்று என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1977-இல் எழுதிய தீர்ப்பு இந்த நோக்கின் உயர்ந்த வெளிப்பாடு. அதன் கருணையை மதிக்கிறேன். ஆனால் நோயாளி என்ற உவமையில் வைத்தியர் ஒருவரே வினை செய்பவர், மற்றவர் படுத்திருப்பவர் என்ற குறை உண்டு.

இனித் தமிழ்ச் சொற்கள். தமிழ்நாட்டுச் சிறைத்துறை ‘சீர்திருத்தப் பணிகள்’ என்ற தொடரைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. திருத்துதல் என்பது நிலத்துக்கும் விடைத்தாளுக்கும் நாம் வழங்கும் வினை. காட்டைத் திருத்திக் கழனியாக்கினார்கள் என்கிறோம், ஆசிரியர் தாளைத் திருத்துகிறார் என்கிறோம். காடும் தாளும் தம்மைத் தாமே திருத்திக்கொள்வதில்லை. ஆனால் ஒருவன் மனம் மாறினால், ‘அவன் திருந்திவிட்டான்’ என்றுதான் எந்தத் தமிழரும் சொல்வார். திருந்து தன்வினை, திருத்து பிறவினை. ஒற்றெழுத்து ஒன்றில் தமிழ் காட்டிவிடும் இந்த வேறுபாட்டைக் குற்றவியல் ஆய்வு கண்டடையப் பல பத்தாண்டுகள் ஆயின.

அந்தக் கதை சுவையானது. 1974-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மார்ட்டின்சன், சிறைத் திட்டங்களைப் பற்றிய 231 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சில தனித்த விலக்குகள் நீங்கலாக, அவை மீள்குற்றத்தைக் குறைத்ததாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதினார். ‘எதுவும் பலிக்காது’ என்று அதைச் சுருக்கிக்கொண்ட அரசியல்வாதிகள், கல்விக்கும் பயிற்சிக்கும் செலவிடுவதைவிடச் சிறையை நீட்டிப்பதே மேல் என்று வாதிட அதைப் பயன்படுத்தினார்கள். சில திட்டங்கள் பயன் தருகின்றன என்று 1979-இல் அவரே தம் கூற்றைத் திருத்திக்கொண்டபோது கேட்க ஆளில்லை. பின்னர் கனடாவில் ஆண்ட்ரூஸ், போன்டா முதலிய உளவியலாளர்கள் ஒவ்வொருவரின் ஆபத்து நிலை, தேவை, கற்கும் இயல்பு ஆகியவற்றுக்குப் பொருந்தும் திட்டங்களே பலன் தருகின்றன என்று காட்டினர்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அமெரிக்கக் குற்றவியலாளர்கள் ராபர்ட் சாம்ப்சனும் ஜான் லாபும் செய்த வேலை. பாஸ்டனில் ஆய்வாளர்களான குளூக் தம்பதியர் 1940-களில் விவரம் திரட்டியிருந்த 500 குற்றச் சிறுவர்களின் பழைய கோப்புகளை எடுத்து, அவர்களுடைய வாழ்க்கையை முதுமை வரை பின்தொடர்ந்தார்கள். அவர்களுள் பலர் குற்றத்தை விட்டொழித்ததற்கு நிலையான வேலையும் நல்ல மணவாழ்வும் படைச்சேவையும் திருப்புமுனைகளாக இருந்தன. இதன்பின் ஆய்வாளர்களின் கேள்வியே மாறத் தொடங்கியது. ‘எந்தத் திட்டம் அவனைத் திருத்துகிறது?’ என்பதோடு ‘அவன் எப்படித் திருந்துகிறான், அதற்கு இடையூறு எது?’ என்பதும் சேர்ந்தது.

இடையூறு எது என்பதற்கு, சமூகவியலாளர் டெவா பேஜர் அமெரிக்க நகரமான மில்வாக்கியில் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வு கறாரான விடை தந்தது. ஒரே மாதிரித் தகுதி காட்டிய இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பியதில், சிறைப்பதிவு இல்லாத வெள்ளையருள் 34 விழுக்காட்டினருக்கு மறு அழைப்பு வந்தது. பதிவு உண்டு என்றவர்களுக்கு 17. கறுப்பினத்தவருள் அது 14, 5 என்று இருந்தது. அதாவது, பதிவில்லாத கறுப்பின இளைஞரைவிடச் சிறை சென்ற வெள்ளையருக்கே வாய்ப்பு மிகுதி. இவர்கள் உண்மையில் குற்றம் செய்தவர்களே அல்லர், நடிக்கப் பயிற்சி பெற்ற மாணவர்கள். ஆகவே இங்கே தடையாக நின்றது குணம் அன்று, பெயர்.

இலத்தீன் சொல் முதலில் திருப்பித் தந்ததும் அந்தப் பெயரைத்தான். மார்ட்டின்சன் கட்டுரை வந்த அதே 1974-இல் பிரிட்டன் இயற்றிய ஒரு சட்டம், குறிப்பிட்ட காலம் குற்றமின்றிக் கழிந்தால் பல பழைய தண்டனைகளைத் தீர்ந்துபோனவையாகக் கருதச் செய்தது. அதன் பெயரிலும் இச்சொல் இந்தப் பழைய பொருளிலேயே நிற்கிறது. நம்மிடமும் இது இல்லாமல் இல்லை. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் 12-ஆம் பிரிவிலும், சிறாருக்கு அவ்வாறே 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 24-ஆம் பிரிவிலும் சொல்கின்றன. இவற்றைப் பற்றி வீட்டாருக்கு யாரும் சொல்வதில்லை என்பதே என் அனுபவம்.

இவற்றோடு வைத்துப் பார்த்தால் ‘மறுவாழ்வு’ பரந்த சொல். போதை மறுவாழ்வு, தொழுநோயாளர் மறுவாழ்வு என்று பல இடங்களில் வழங்கி, 2021 முதல் தமிழ்நாட்டிலுள்ள ஈழ அகதிகளின் முகாம்களுக்கும் அது பெயராகியிருக்கிறது. ஈழ வழக்கில் ‘புனர்வாழ்வு’ நிலைத்தது. இடம்பெயர்ந்தோருக்கு உதவிய கழகம் ஒன்றின் பெயரிலும் அது இருந்தது, 2009-க்குப் பின் முன்னாள் போராளிகளை முகாம்களில் அடைத்துவைத்த இலங்கை அரசின் திட்டத்திற்கும் அதுவே பெயரானது. அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுருக்கும் ஈழத்து நண்பர்களை அறிவேன். (தமிழில் ‘மறு’வுக்குக் களங்கம் என்றும் பொருள் உண்டு என்பதால், ‘மறுவாழ்வு’க்குள்ளும் ஒரு கறை எட்டிப்பார்க்கத்தான் செய்கிறது.) ஆயினும் மறுவாழ்வுக்கு ஒரு சிறப்பு இருக்கிறது: அது யாரையும் குற்றவாளி என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் உறுதியாகாத இத்தனை பேருக்குச் ‘சீர்திருத்தம்’ என்ற சொல்லை எப்படி வழங்குவது? வேலையும் வாடகை வீடும் இழந்து வெளியே வரும் அவர்களுக்கு வேண்டியது மறுவாழ்வே. மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ‘பிரயாஸ்’ களத்திட்டம் 1990-இல் தொடங்கிச் சிறைக்குள்ளும் வெளியிலும் சமூகப் பணியாளர்களைக் கொண்டு செய்துவருவது ஏறக்குறைய இதைத்தான்.

மணிமேகலைக் காப்பியத்தின் ஒரு காதைக்குச் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்று பெயர். மணிமேகலை மன்னனிடம் கேட்டது கைதிகளைத் திருத்தச் சொல்லி அன்று. அவள் மாற்றக் கேட்டது கட்டடத்தை.

ஆகவே ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று பிடிவாதம் பிடிக்க நான் விரும்பவில்லை. சிறைக்குள் நடக்கும் கல்வி, தொழிற்பயிற்சிக்குச் சீர்திருத்தப் பணி என்பது வழக்கில் வேரூன்றிவிட்டது, இருக்கட்டும். வெளியே வந்தபின் வேலை, வீடு, உறவு ஆகியவற்றுக்கு மறுவாழ்வு. சட்டத்தால் பெயரும் தகுதியும் திரும்பக் கிடைப்பதற்கு மட்டும் ‘தகவு மீட்பு’ என்று சொல்லலாம். ‘தக்கார் தகவிலர்’ என்ற குறளில் இருக்கும் தகவும் இலத்தீனின் ஹாபிலிஸும் ஏறத்தாழ ஒரே பொருளைச் சுட்டுகின்றன. ஆளின் மனமாற்றத்துக்குத் திருந்துதல் என்ற பழகிய சொல் போதும்.

துண்டறிக்கையின் அடுத்த பதிப்பில் தலைப்பை ‘ஜெயிலிலிருந்து வந்த பிறகு: வேலை, காகிதம், தங்குமிடம்’ என்று மாற்றி, உள்ளே ஓரிடத்தில் மறுவாழ்வு என்று எழுதினேன். தகவு மீட்பை இன்னும் துணியவில்லை. ‘பேரு சுத்தமாகுறதுக்கு’ என்று அந்த அம்மாவே சொல்லித் தந்ததை அப்படியே போட்டிருக்கிறேன்.