செக்ரோல் இணையத்துக்குப் போகும் முன்

தேயிலைத் தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். அந்தப் பேர் பல இடங்களில் செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்தை விட்டு இணைய மென்பொருளுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கணினி திருத்தும் என்னிடம் வரும் முதல் கேள்வி, “தம்பி, எங்க கம்பியூட்டர்ல இது ஓடுமா?” என்பதுதான். எல்லோரும் ரேம் எத்தனை ஜீபி என்று பார்க்கிறார்கள். நான் பார்ப்பது மணியையும் திகதியையும்.

போன ஏப்ரலில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பின்னேர இடிமழைக்குக் கரண்ட் போய் வந்தது. அதன்பிறகு இரண்டு நாளாக வருகைப் பதிவுப் பக்கம் திறக்கவேயில்லை. பாதுகாப்பு எச்சரிக்கை மட்டும் வந்தது. இணைய லைன் கோளாறு என்று கிளாக்கர் ரவுட்டரை நாலு தரம் அணைத்துப் போட்டிருக்கிறார். திரையின் மூலையைப் பார்த்தேன்: வருடம் 2009.

பெட்டியைக் கழற்றி, மதர்போர்டில் காசு போல இருக்கும் சிஆர்2032 பட்டரியை மாற்றினேன். கரண்ட் இல்லாதபோது நேரத்தைக் காப்பது அதுதான். திகதி பின்னால் போய்விட்டால், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு இன்னும் காலம் தொடங்கவில்லை என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடும். அந்த இரண்டு நாளும் துண்டுத்தாளில் எழுதியதில் இரண்டு அக்காமாரின் பேர் விடுபட்டிருந்தது. சம்பளத் துண்டைக் கையில் வாங்கிய அன்றுதான் அவர்களுக்கே தெரிந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நேர வலயத்தையும் பாருங்கள். மென்பொருளில் ஆசியா/கொழும்பு, அதாவது யூடிசி (உலகப் பொது நேரம்) +5:30 என்று இருக்க வேண்டும். வெறும் யூடிசியில் விட்டால் அங்கே நாள் மாறுவது நமக்கு விடிய 5.30க்கு. 5 மணிக்கே வேலைக்கு ஏறுபவரின் பேர் முதல் நாளில் விழுந்துவிடும்.

ரேம் 4 ஜீபி இருந்தால் இந்த ஒரு பக்கத்துக்குப் போதும். எக்செலும் சேர்ந்து ஓடுவதென்றால் 8 நல்லது. பிரவுசர்தான் பழசாக இருக்கக் கூடாது. விண்டோஸ் 7க்கு வந்த கடைசி குரோம் 109, அதுவும் 2023 ஜனவரியில். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. குக்கீயையும் ஜாவாஸ்கிரிப்டையும் அடைத்து வைத்திருந்தால் திறந்துவிடுங்கள்.

நம் பள்ளத்தாக்குகளில் சிக்னல் அறுவது புதிதல்ல. அதனால் காசு கட்டுமுன், விற்க வந்தவரின் முன்னாலேயே லைனைப் பிடுங்கிவிட்டு ஒரு பேரைப் பதியச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி கொடுங்கள். அந்தப் பேர் வந்து சேர்ந்ததா, சேர்ந்திருந்தால் அதில் விழுந்திருப்பது ஆள் வந்த நேரமா, லைன் வந்த நேரமா என்று பாருங்கள்.