குளிர் கிருமியைக் கொல்லாது: ஐஸ்கிரீம் வரலாறு தரும் எச்சரிக்கை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் மருத்துவம் பார்க்கும் எனக்கு, கோடைத் திருவிழாக் காலம் என்பது வாந்தி, வயிற்றுப்போக்குடன் வரும் குழந்தைகளின் காலமாகவும் இருக்கிறது. முந்தைய நாள் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் பரோட்டாவையும் பானிபூரியையும் உடனே சொல்லும் பெற்றோர், ஐஸ் கொடுத்ததைத் துருவித் துருவிக் கேட்டால்தான் சொல்கிறார்கள். "ஏனுங்க டாக்டர், அத்தனை குளிர்ல கிருமி எப்படிங்க உயிரோட இருக்கும்?" என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு.

இருக்கும் என்பதற்கு ஐஸ்கிரீமின் வரலாறே சான்று. 1843இல் அமெரிக்காவின் நான்சி ஜான்சன் கையால் சுற்றும் ஐஸ்கிரீம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். உப்பு கலந்த பனிக்கட்டி சுழியத்துக்கும் கீழே குளிரும் என்ற பழைய அறிவுதான் அதற்கும் அடிப்படை. செல்வந்தர் வீட்டுப் பண்டம் மெல்லத் தெருவுக்கு வந்தது. லண்டன் தெருக்களில் அதைச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் கொடுத்து, ஒருவர் நக்கித் தின்றதும் பெயருக்கு அலசி அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். நோய் பரவும் என்ற அச்சத்தால் 1899இல் அந்தக் கிண்ணம் அங்கே தடை செய்யப்பட்டது.

இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது 1946இல் வேல்ஸின் கடற்கரை ஊரான அபரிஸ்ட்வித்தில் நடந்தது. ஐஸ்கிரீம் தயாரித்த ஒருவர், தாம் நோயாளியாக இல்லாமலே டைஃபாய்டு கிருமியைச் சுமந்திருந்தார். அவரிடம் வாங்கித் தின்றவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். உறைநிலை அந்தக் கிருமியை அழிக்கவில்லை, உறங்கத்தான் வைத்தது. கலவையைச் சூடாக்கிக் கிருமி நீக்கிய பிறகே உறைய வைக்க வேண்டும் என்று பிரிட்டன் 1947இல் விதி வகுத்தது. காய்ச்சிய பின்னும் கவனம் வேண்டும்: 1994இல் அமெரிக்காவில், கிருமி நீக்கிய கலவையை, முன்பு பச்சை முட்டைக் கலவை ஏற்றிய டேங்கர் லாரியில் கொண்டு சென்றதால் சால்மொனெல்லா என்ற குடல் கிருமி பரவி, சுமார் 2,24,000 பேர் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள்.

நம் திருவிழாக் கடைகளில் நான் முதலில் பார்ப்பது, ஐஸ்கிரீம் அள்ளும் கரண்டி ஊறும் தண்ணீர் டப்பாவைத்தான். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலையில் பால் கலந்து வெள்ளையாகி, வெயிலில் வெதுவெதுப்பாக இருக்கும். அதில் தோய்ந்த கரண்டிதான் ஒவ்வொரு கோனுக்கும் போகிறது. அடுத்தது மின்வெட்டு. ஐஸ்கிரீம் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். உருகினால் கிருமி பெருகும், மறுபடி உறைந்தால் அது சாகாது. மூடியின் உட்புறம் பூம்பனி அப்பியிருந்தாலோ, கப் உருக்குலைந்திருந்தாலோ வாங்காதீர்கள். நாக்கில் மணல்போல ஐஸ் துகள் நெருடினால் மேற்கொண்டு தின்னாதீர்கள். கர்ப்பிணிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் கருவைப் பாதிக்கும் லிஸ்டீரியா கிருமி குளிர்பெட்டிக் குளிரிலும் வளரக்கூடியது.

சர்பத்தில் போடும் ஐஸ் கட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். மீன் பெட்டிக்கான ஐஸ் குடிப்பதற்கானதல்ல. உண்ணத்தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் அறிவுறுத்தியிருக்கிறது.

வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, குழந்தை சோர்ந்து கண் குழிந்து சிறுநீர் கழிக்காமல் இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். வரும்போது ஐஸ் தின்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.