கரை சூழ்ந்த ஊர்கள்: கிசோ ஆற்றுப் படுகையின் வாஜூக்கள்

ஜப்பானின் நகோயா நகருக்கு மேற்கே கிசோ, நகரா, இபி என மூன்று ஆறுகள் பக்கம் பக்கமாக இறங்கி இசே விரிகுடாவில் சேர்கின்றன. அவை ஓடும் நோபிச் சமவெளி அகலமாகத்தான் கிடக்கிறது. ஆனாலும் மூன்றும் மேற்கு ஓரத்தில் வந்து நெருக்கியடிக்கின்றன. யோரோ மலையடிவாரத்தில் ஓடும் நிலப்பிளவே அதற்குக் காரணம். பிளவின் மேற்கே மலை உயர, கிழக்கே சமவெளி மெல்ல அமிழ்கிறது. அதனால் தரை மேற்கே சாய்ந்து, கிசோவின் படுகை மேடாகவும் நகரா அடுத்தபடியாகவும் இபி எல்லாவற்றுக்கும் தாழ்வாகவும் அமைந்துவிட்டன.

மலையில் மழை கொட்டினால் வெள்ளம் எப்போது வரும் என்பதற்கு அங்கே ஒரு பழைய கணக்கு உண்டு: இபிக்கு 8 மணி நேரம், நகராவுக்கு 16, கிசோவுக்கு 24. ஆறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த காலத்தில், இபி வடியத் தொடங்கும் வேளையில் நகரா வந்து சேரும், அதன் மேல் கிசோ வந்து ஏறும். தாழ்வில் இருந்த ஊர்கள் ஒரே மழைக்கு மூன்று முறை அடி வாங்கின.

இதற்கு மக்கள் கண்ட வழிதான் வாஜூ: வீடுகளையும் வயல்களையும் சேர்த்து வளைத்த மண் கரை. முதலில் மேல்புறத்தில் மட்டும் குதிரை லாட வடிவில் கட்டினார்கள். பாய்ந்து வரும் வேகத்தை அது தடுத்தது, ஆனால் திறந்த கீழ்ப்புறம் வழியாகக் கடல் ஏற்றமும், வடிய முடியாமல் பின்வாங்கி ஏறும் ஆற்று நீரும் உள்ளே புகுந்தன. பிறகுதான் கரை முழு வளையமானது.

வளையம் மூடியதும் வேறு தொல்லை வந்தது. முன்பு வெள்ளத்தோடு வயலில் பரவிய வண்டல் இப்போது இரு கரைகளுக்கு நடுவே ஆற்றுக்குள்ளேயே படிந்தது. படுகை மேடேற, உள்ளே பெய்த மழை வெளியேற வழியில்லாமல் தேங்கியது. கடல் இறங்கும் நேரம் பார்த்து மதகைத் திறக்க வேண்டும். படுகை உயர உயர அந்த நேரமும் குறுகியது. விவசாயிகள் வயலின் ஒரு பகுதியைத் தோண்டி, அந்த மண்ணை மறுபகுதியில் கொட்டி உயர்த்தி நெல் நட்டார்கள். தோண்டிய இடம் வாய்க்காலானது. நாற்றும் கதிரும் அதில் படகில் போயின.

கரை உடையத்தான் செய்யும் என்று நினைத்தே வீட்டையும் கட்டினார்கள். வசதியுள்ளவர்கள், குடியிருக்கும் வீட்டைவிட உயரமாகக் கல் அடுக்கி மண்மேடு எழுப்பி, அதன் மேல் மிஸூயா என்ற தனிக் கட்டடம் வைத்தார்கள். அரிசி, மிசோ என்ற சோயா விழுது, படுக்கை எல்லாம் அதற்குள் எப்போதும் இருக்கும். இறவாரத்தின் அடியில் ஒரு படகு தொங்கும். வீட்டுப் பூஜை மாடத்தைக் கப்பி போட்டு மேல்தளத்துக்குத் தூக்கும் ஏற்பாடும் சில வீடுகளில் உண்டு. மிஸூயா கட்ட முடியாதவர்களுக்கு ஊர்ப் பொதுவில் ஒரு மேடு இருந்தது. இந்த ஏற்றத்தாழ்வை அங்குள்ள மண்மேடுகளின் உயரமே காட்டிவிடும்.

ஒரு வாஜூ கரையை உயர்த்தினால், ஒதுக்கப்பட்ட நீர் எதிர்க்கரை ஊரில் ஏறும். 1609 வாக்கில் கிசோவின் இடது கரையில் ஓவாரி மாகாண நிலத்தைக் காக்கச் சுமார் 50 கி.மீ. நீளப் பெருங்கரை எழுந்தது. எதிரே மினோ மாகாணப் பக்கத்துக் கரைகள் அதைவிட 3 அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும் என்று கட்டளை இருந்ததாக வழிவழியாகச் சொல்கிறார்கள். ஆறுகளையே பிரிக்காமல் இது தீராது. 1754-55இல் ஷோகன் என்ற படைத்தலைவரின் ஆட்சி இட்ட உத்தரவால், தெற்கே இருந்த சட்சுமா சிற்றரசிலிருந்து வந்தவர்கள் அந்த வேலையைத் தொடங்கினார்கள். நோயிலும் தற்கொலையிலும் 80க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். முழுப் பிரிப்பு, டச்சுப் பொறியாளர் யோஹானிஸ் டி ரைக்கேயின் திட்டப்படி 1887இல் தொடங்கி 1912இல்தான் முடிந்தது.

அதன் பிறகு வளையக் கரைகள் வீண் என்று பலருக்கும் தோன்றியது. சாலைக்காக வெட்டினார்கள், சில இடங்களில் மண்ணையே அள்ளிவிட்டார்கள். 1976 செப்டம்பர் 12 அன்று அன்பாச்சி என்ற ஊரில் நகராவின் வலது கரை உடைந்தது. தண்ணீர் கரையைத் தாண்டி வழியவில்லை. நாள்கணக்காக உயர்ந்தே நின்ற நீர் மண்ணுக்குள் ஊறி, கரையை உள்ளிருந்து தளர்த்திவிட்டது. அன்பாச்சி மூழ்கியது. தெற்கே இருந்த வனோஉச்சி என்ற ஊர் பழைய வாஜூ கரையை விட்டு வைத்திருந்தது. சாலை கரையை ஊடறுக்கும் வாயில்களை அடைத்ததும் பெருவெள்ளம் அங்கேயே நின்றது.

இப்படிப்பட்ட வாயிலின் இரு தூண்களிலும் நெடுக்குக் காடி வெட்டியிருக்கும். பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அதில் இறக்கி அடைக்க வேண்டும். அவசரத்தில் தேட நேரமிருக்காது என்பதால், பலகைகளை வாயிலின் பக்கத்திலேயே அடுக்கி வைப்பார்கள்.